வாசுகி போட்ட மஞ்சள் கோடு

ஜோகூரின் கெலாங் பாத்தாவில் அந்தச் சரக்குக் கிடங்கில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ப்ளான் வேண்டுமா, வாசுகிக்காவிடம் போ. எஞ்சினியர் போடுகிற பெரிய ப்ளான் இல்லை. காரை எங்கே நிறுத்துவது, தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓடுவது, ஆண்டு விருந்தில் எந்த மேசையில் யார், இந்த மாதிரி ப்ளான். வாசுகி அங்கே பத்தொன்பது வருஷமாகக் கிளார்க். இவ்வளவையும் அவள் வரைந்தது கடிதம் அடிக்கிற வேர்டில்தான். வேறு எதிலும் அவளுக்கு வரையத் தெரியாது. கம்பெனியும் வேறு எதையும் வாங்கித் தரவில்லை.

வேர்டில் படம் போடுவது கரண்டியால் குழி தோண்டுகிற வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. நீளச்சதுரம் போட்டால் அது சரக்கு அடுக்கும் ராக். வட்டம் போட்டால் தூண். ஷிஃப்ட் விசையை அமுக்கிக்கொண்டு இழுத்தால் கோடு ஆடாமல் நேராக வரும் என்பதை யாரும் சொல்லித் தராமல் தானே கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த அன்று வீட்டில் கேசரி கிண்டினாள். மின்பெட்டிக்கு மின்னல் படம் போட்டாள். ஆபத்து நேரத்தில் எல்லாரும் வந்து கூடும் இடத்துக்கு என்ன படம் போடுவது என்று தெரியாமல் சிரித்த முகம் ஒன்றைப் போட்டுவிட்டாள். சோதனைக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்து அவரும் சிரித்தார், கையெழுத்தும் போட்டார். கோவில் அன்னதானத்துக்கு வரிசை எப்படி வளைந்து போக வேண்டும் என்றுகூட அம்புக்குறி போட்டுக் கொடுத்திருக்கிறாள். கூட்டம் அந்த அம்புக்குறியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

பாலோ என்கிற ஊருக்கு உள்ளே இருந்த செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். குளுவாங்கில் டைப்பிங் வகுப்புக்குப் போய், தங்கராஜுவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். தங்கராஜு விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். சம்பளம் அங்கே கூட என்று அவர் எத்தனையோ முறை கூப்பிட்டும் வாசுகி போகவில்லை. "இங்க என் ப்ளான் சுவத்துல தொங்குது லா, அங்க யாரு தொங்க விடுவாங்க?" என்பாள். விளையாட்டாகச் சொன்னாலும் அவளுக்கு அதில் உண்மையாகவே பெருமை இருந்தது. படிப்பு குறைந்தவளுக்கு இப்படி ஒரு பெருமை கிடைத்தால் அதை லேசில் விடமாட்டாள்.

அந்தப் பெருமைக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை வேட்டு வந்தது.

அதற்கு ஐந்து நாள் முன்னால், வியாழக்கிழமை காலை, கிடங்கில் ஒரு விபத்து. ஹேமநாதன் ஓட்டிய, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டின் பின்பக்கம் அங்கம்மாவின் மேல் இடித்துத் தள்ளியது. அங்கம்மா பேக்கிங் பகுதியில் வேலை செய்கிறவள், லாபிஸ் ஊர்க்காரி, வயது ஐம்பத்திரண்டு. தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டாம் கதவுக்கு முன்னால் நடந்த சம்பவம். கேமராவில் ஒன்றும் தெரியவில்லை, சரியாக அந்த இடத்தைத் தூண் மறைத்தது.

கிடங்குத் தரையில் மஞ்சள் கோடு உண்டு. கோட்டுக்கு ராக் பக்கம் ஆள் நடக்கிற பாதை, இந்தப் பக்கம் வண்டி ஓடுகிற பாதை. ஹேமநாதன், "என் சக்கரம் கோட்டைத் தாண்டல" என்றான். அங்கம்மா, "நான் கோட்டுக்குள்ளதான் நடந்தேன்" என்றாள். இருவரும் கோட்டுக்குள் இருந்தால் எப்படி இடிக்கும்? யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று கிடங்கே முடிவு கட்டியது. பாதிப்பேர் அங்கம்மா ஃபோனைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்திருப்பாள் என்றார்கள். மேலிடம் ஹேமநாதனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. குற்றம் நிரூபணமானால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆளை இடித்தவன் என்ற பெயரோடு போனால் பிறகு இந்த ஜோகூரில் எவன் அவன் கையில் ஃபோர்க்லிஃப்ட் சாவியைக் கொடுப்பான்?

செவ்வாய் காலை ஒன்பதரைக்கு மனிதவளப் பிரிவின் புவான் ஃபரிடா, அதாவது ஃபரிடா மேடம், வாசுகியின் மேசைக்கு வந்தார். விசாரணைக்கு விபத்து நடந்த இடத்தின் படம் வேண்டும், பழைய ப்ளானையே எடுத்து, மேலே தலைப்பும் தேதியும் போட்டு, இடித்த இடத்தில் ஒரு குறி வைத்தால் போதும் என்றார். அரை மணி நேர வேலை. வாசுகி இரண்டு வருஷத்துக்கு முன் வரைந்த கிடங்கு ப்ளானைத் திறந்தாள். உச்சியில் தலைப்பு அடிக்க இடம் வேண்டி ஒருமுறை என்டர் தட்டினாள்.

மஞ்சள் கோடு குதித்தது.

ராக்குகள் அசையவில்லை. தூண்கள் அசையவில்லை. கதவுகள், மின்னல், சிரித்த முகம் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மஞ்சள் கோடு மட்டும் அரை சென்டிமீட்டர் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது. அவள் அதை ரத்து செய்தாள், கோடு மேலே போனது. மறுபடி என்டர் தட்டினாள், மறுபடி இறங்கியது.

ஏன் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று பிறகு பலமுறை நினைத்தாள். ராக், தூண், கதவு எல்லாவற்றையும் வரைந்து முடித்து ஒன்றாகக் கட்டி, தாளிலேயே நகராமல் நிற்கும்படி அன்றைக்குச் செய்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஆள் நடக்கிற பாதைக்கும் கோடு வேண்டும் என்றார்கள். கடைசியில் போட்ட அந்த ஒற்றைக் கோட்டை அந்தக் கட்டோடு சேர்க்க மறந்துவிட்டாள். அது எழுத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. எழுத்து இறங்கினால் அதுவும் இறங்கும்.

எழுத்து இறங்கியிருந்தது. தாளின் உச்சியில், பாதுகாப்பு எல்லாருடைய பொறுப்பு என்று மலாயில் ஒரு வரி இருந்தது. மேனேஜர் லிம் கடைசி நிமிஷத்தில் சேர்க்கச் சொன்ன வாசகம். அன்று அந்த வாசகத்தை அடித்தாள், அழகாக நடுவில் நிறுத்தினாள், கீழே பார்க்கவே இல்லை, அச்சடித்துக் கொடுத்துவிட்டாள். பெயிண்டர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் தரையில் கோடு அடித்தான்.

தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் ஒரு மீட்டர். அப்படியென்றால் தாளில் அரை சென்டிமீட்டருக்கு?

மேசை இழுப்பறையில் அவளுடைய பழைய 555 நோட்டு, பையில் அடங்குகிற கணக்கு நோட்டு, இருந்தது. அதில் அவள் கையெழுத்தில்: நடைபாதை ஒரு மீட்டர், வண்டிப்பாதை மூன்றரை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். இரண்டாம் கதவருகே குனிந்து அளந்தாள். நடைபாதை ஒன்றரை, வண்டிப்பாதை மூன்று. நாடாவைச் சுருட்டிவிட்டு இன்னொரு முறை அளந்தாள். நாடா என்ன செய்யும், அதையேதான் சொன்னது.

ஃபோர்க்லிஃப்ட் காரைப் போல இல்லை, பின்சக்கரத்தால் திரும்புகிற வண்டி. ஓட்டுகிறவன் முன்னால் ஒரு பக்கம் வளைத்தால் வண்டியின் வால் மறுபக்கம் வீசும். அந்த வீச்சுக்கு இடம் விட்டுத்தான் மூன்றரை மீட்டர் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மூன்று மீட்டரில் வால் கோட்டைத் தாண்டித்தான் வீசும். ஹேமநாதனின் சக்கரம் கோட்டைத் தாண்டவில்லை. அங்கம்மாவும் கோட்டுக்குள்ளேதான் நடந்தாள். இருவருமே பொய் சொல்லவில்லை. தரையில் மஞ்சளாகப் படுத்துக் கிடந்த வாசுகியின் கோடுதான் பொய்.

பதினொன்றரை மணிக்கு அவள் லிம்மின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். லிம் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு முறுக்கு கேட்டு வாங்கித் தின்கிறவர்தான். முழுவதும் கேட்டுவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அந்தக் கோட்டை அடிச்ச பெயிண்டர் ரஷீத் எங்க?" என்று மலாயில் கேட்டார்.

"பெர்மிட் முடிஞ்சு பங்களாதேஷுக்குப் போயிட்டான், பாஸ். ஒரு வருஷம் ஆச்சு."

"அப்ப ப்ளான் சரி. அவன்தான் தப்பா அடிச்சுட்டான்." லிம் கையை விரித்தார். "யோசிச்சுப் பாரு வாசுகி. ஹேமநாதனுக்கு வேலை போகாது. அங்கம்மா மேல பழி வராது. உனக்கும் ஒண்ணும் இல்ல. ரஷீத்தை யாரும் தேடிப் போகப் போறதில்ல. இதுல யாருக்கு என்ன கெட்டுப் போச்சு?"

வாசுகி தன் மேசைக்குத் திரும்பி வந்தாள். லிம் சொன்னதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சரியாகத்தான் இருந்தது. காப்பாற்ற வேண்டியவன் ஹேமநாதன், அவன் தப்பித்துவிடுவான். அதற்காகத் தன் கழுத்தையும் நீட்ட வேண்டும் என்று என்ன கட்டாயம்? பத்தொன்பது வருஷம். இத்தனை ப்ளான். அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

அவள் செய்ததை நான் மூடி மறைக்கப் போவதில்லை. வாசக வரியை அழித்தாள். கோடு அரை சென்டிமீட்டர் மேலே ஏறி, தூணின் விளிம்பில் ஒட்டி, இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றது. பிறகு கோட்டை மற்றவற்றின் கட்டோடு சேர்த்து, நகராமல் பூட்டி, வாசகத்தை மறுபடி அடித்தாள். இரண்டு வருஷம் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பழைய தேதியைப் போட்டு ஒரு பிரதி அச்சடித்தாள். அச்சு இயந்திரத்திலிருந்து தாள் சூடாக வந்தது.

இன்னும் ஒரே ஒரு இடைஞ்சல். பழைய பிரதி ஒன்று கீழே பம்ப் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. பெயிண்ட் டின்களை வைக்கிற அறை. ரஷீத் வேலை செய்தபோது ஒட்டிவிட்டுப் போனது, யாரும் கழற்றவில்லை. அதை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டிவிட்டால் முடிந்தது. மதியச் சாப்பாட்டு நேரம், கிடங்கில் ஆள் இல்லை. வாசுகி புதிய தாளைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் அவளுடைய காலடிச் சத்தம்தான்.

பம்ப் அறையில் விளக்கைப் போட்டாள். தாள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறையின் ஓரத்தில் மஞ்சள் கட்டைவிரல் ரேகை. கிட்டப் போய்ப் பார்த்தாள். கோட்டின் நெடுக ரஷீத் பென்சிலால் அளவு எழுதியிருந்தான், ஒவ்வொரு தூணுக்கும் ஒரு அளவு, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுகிற மாதிரி கவனமாக. எல்லாம் தாளுக்குச் சரியாகவே இருந்தது. இரண்டாம் கதவுக்கு எதிரே மட்டும் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. நினைவு வராமலே இருந்திருக்கலாம்.

ரஷீத் மேலே அலுவலகத்துக்கு வந்தான். செருப்பில் பெயிண்ட் இருந்ததால் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். "காக், கதவுகிட்ட இந்த அளவு சரியா? வண்டி திரும்பணுமே" என்று மலாயில் கேட்டான். காக் என்றால் அக்கா. வாசுகி அப்போது ஆண்டு விருந்துக்கு நாற்பத்திரண்டு வட்ட மேசைகளைத் திரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "ப்ளான்ல உள்ளபடி அடி லா" என்றாள். அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போய்விட்டான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அவன் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள், வரவில்லை. பார்த்திருந்தால்தானே வரும்.

கேட்டவன் அவன் ஒருவன்தான். கிடங்கில் அந்தக் கோட்டைச் சந்தேகப்பட்ட ஒரே ஆள். அவன் தலையில் போய் இதைக் கட்டுவதா?

வாசுகி அந்த அறையில், பெயிண்ட் நாற்றத்துக்கு நடுவே, சத்தம் வராமல் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய தாளை உறையோடு கழற்றினாள். அந்த இடத்தில் புதியதை ஒட்டவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

மூன்று மணி. கூட்ட அறையில் புவான் ஃபரிடாவும் விசாரணைக்கு வந்த இன்னும் இரண்டு பேரும் மேசைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஹேமநாதன் தனியாக. இருபத்தொன்பது வயசு. கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு வந்திருந்தான், கழுத்துப் பொத்தான்வரை மாட்டியிருந்தான். லிம் மூலையில் உட்கார்ந்து வாசுகியைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். அவள் கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்தாள்.

"படத்தைக் காட்டுங்க வாசுகி" என்றார் புவான் ஃபரிடா.

"படத்துக்கு முன்னால ஒண்ணு காட்டணும், புவான். ரெண்டு வருஷம் முன்னாடி நான் அனுப்பின ஃபைல் இது, மெயில்லேர்ந்து எடுத்தது. மஞ்சக் கோட்டை மட்டும் பாருங்க."

உச்சியில் இருந்த வாசகத்தை அழித்தாள். தொலைக்காட்சித் திரையில் கோடு மேலே ஏறியது. மறுபடி என்டர் தட்டினாள். கோடு இறங்கியது. இரண்டையும் திரும்பத் திரும்பச் செய்தாள். மூன்றாவது முறை இறங்கியபோது மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ மெதுவாக, "அலமாக்" என்றார், ஐயோ என்கிற மாதிரி.

வாசுகி 555 நோட்டையும், மஞ்சள் ரேகை படிந்த தாளையும் மேசையில் வைத்தாள். தரையை அளந்ததைச் சொன்னாள். வாசலில் நின்று கேட்ட ரஷீத்தையும், திரும்பிப் பார்க்காமல் தான் சொன்ன பதிலையும் சொன்னாள். கடைசியாக, மதியம் அச்சடித்த புதிய தாளையும் எடுத்து வைத்தாள். "இது பொய்த் தாளு. இன்னிக்கி அடிச்சு, பழைய தேதி போட்டேன். மாட்டிடலாம்னு கீழ போனேன். மனசு வரல." லிம்மின் பெயரை அவள் இழுக்கவில்லை. லிம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புவான் ஃபரிடா நோட்டையும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு ஹேமநாதனைப் பார்த்து, விசாரணை இதோடு நிறுத்தப்படுகிறது என்றார்.

ஹேமநாதன் வாசுகி பக்கம் திரும்பவே இல்லை. "நாளைக்கி டூட்டிக்கு வரலாமா?" என்று மட்டும் கேட்டான். வரலாம் என்றதும் எழுந்து, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனான். போகிற போக்கில் கழுத்துப் பொத்தானைக் கழற்றினான்.

வாசுகிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுக்க முடிவானது. ஏழு நாளில் பதில் எழுத வேண்டும், வேலை நிலைக்குமா என்பது அதற்குப் பிறகு. அந்தக் கடிதத்தின் மாதிரி யாரிடம் இருந்தது என்று கேட்கிறீர்களா? அதையும் வேர்டில் செய்து வைத்தவள் அவள்தான். புவான் ஃபரிடா சங்கடப்பட்டுக்கொண்டு கேட்க, வாசுகி உட்கார்ந்து, எத்தனையோ பேருக்கு அடித்த கடிதத்தில் இந்த முறை தன் பெயரை அடித்தாள். கீழே கையெழுத்துக்கான கோட்டை ஷிஃப்ட்டை அமுக்கி நேராக இழுத்தாள். நகராமல் பூட்டிவிட்டுத்தான் அச்சடித்தாள்.

ஆனால் அவளுக்கு உண்மையான விசாரணை இனிமேல்தான் இருந்தது. ஐந்தரை மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கம்மாவின் கால் பலகையில் கட்டியிருந்தது. ஐந்தே நாளில் முகம் பாதியாகிவிட்டது. வாசுகியைப் பார்த்ததும், அவள் வாயைத் திறக்குமுன்பே, "நான் கோட்டுக்குள்ளதான்டி நடந்தேன். சத்தியமா" என்றாள். வருகிறவர்கள் எல்லாரிடமும் அதையே சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்திருந்தது.

"தெரியும்க்கா. கோட்டுக்குள்ளதான் நடந்தீங்க. கோடுதான் தப்பான எடத்துல இருந்துச்சு. அத வரைஞ்சது நான்."

கட்டிலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். என்டர், வாசகம், அரை மீட்டர், ரஷீத். அங்கம்மாவுக்கு வேர்டைப் பற்றி எதுவும் புரிந்திருக்காது. கேட்கக் கேட்க அவள் தாடை இறுகியது. வாசுகி மன்னிப்புக் கேட்கக் குனிந்தபோது அங்கம்மா அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். முறிந்த காலோடு கிடக்கிறவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, வலித்தது.

"அஞ்சு நாளாடி. என் மகனே கேட்டான், 'ஃபோனைப் பாத்துக்கிட்டு நடந்தியாமா'ன்னு. ராத்திரியெல்லாம் கண்ண மூடி நடந்து நடந்து பாத்தேன். ஒருவேளை நான்தான் கால வெளிய வெச்சிட்டேனோன்னு நெனைக்க ஆரம்பிச்சுட்டேன். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ஆமான்னு ஒத்துக்கிட்டிருப்பேன்."

"மன்னிச்சிடுங்கக்கா."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." அங்கம்மா கையை விடவில்லை. கண்ணீர் காதுப்பக்கம் வழிந்து தலையணையில் இறங்கியது, துடைக்கவில்லை. "ஆறு மணிக்கு என் மகனும் மருமக பிரேமலாவும் வருவாங்க. நீ போயிடாத. இங்கயே நில்லு. இப்ப என்கிட்ட சொன்னியே, அத அப்படியே அவங்ககிட்ட சொல்லு. சத்தமா சொல்லு. அடுத்த கட்டில்காரிக்கும் கேக்கணும்."

வாசுகி நின்றாள். ஆறு மணிக்கு வார்டுக் கதவு திறந்தது.